வைஃபை: விண்டோஸ் பார்த்துக்கொள்ளுமா, கம்பெனி மென்பொருள் வேண்டுமா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "லோட்ஷெடிங் காலத்திலிருந்தே, கரண்ட் போய்வரும்போதெல்லாம் என் பழைய லேப்டாப் வைஃபையில் சேர்ந்து சேர்ந்து அறுகிறது. திரை ஓரத்தில் இரண்டு வைஃபை சின்னங்கள்: ஒன்று விண்டோஸுடையது, மற்றது லேப்டாப் கம்பெனி போட்டது. எதை வைத்துக்கொள்வது?"

விண்டோஸுடையதை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் இணைப்பு மென்பொருளை நீக்கலாம், டிரைவரை மட்டும் நீக்கிவிடாதீர்கள். லேப்டாப்பின் வைஃபை ரேடியோவை இயக்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர். எந்த நெட்வொர்க்கில் சேர்வது, கடவுச்சொல்லை எப்படி நிரூபிப்பது என்பதெல்லாம் அதற்கு மேலிருக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலைக்கு ஒருவர் போதும்.

ஏன் ஒருவர்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வீடுகளில் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை! கடவுச்சொல்லையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து, 4096 சுற்று கணக்கிட்டு, 256 பிட் சாவி ஒன்றை லேப்டாப் உருவாக்குகிறது. பெயரை மாற்றினால், கடவுச்சொல் அதுவேயானாலும் சாவி வேறு. ரவுட்டரிடமும் அதே சாவி இருக்கும். அப்புறம் ரவுட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, லேப்டாப் தன் எண்ணை அனுப்பும். இரண்டு எண்கள், இரு கருவிகளின் முகவரிகள், மூலச் சாவி எல்லாம் கலந்து, இந்த ஓர் இணைப்புக்கு மட்டுமான புதுச் சாவி பிறக்கிறது. மொத்தம் நான்கே செய்திகள். ஒட்டுக்கேட்பவருக்கு எண்கள் கிடைக்கும்; மூலச் சாவி கிடைக்காது. கடவுச்சொல் ஊகிக்க முடியாததாக இருந்தால் போதும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இந்தப் பேச்சின் நடுவே இன்னொரு மென்பொருள் புகுந்து, அதே வைஃபை கார்டை மறுபடி சேரச் சொன்னால், எல்லாம் கலைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கரண்ட் வந்து ரவுட்டர் எழுந்ததும் இரண்டும் முந்தினால் நீங்கள் சொல்லும் தொல்லை வரும்.

கம்பெனி மென்பொருளுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இஏபி-டிடிஎல்எஸ் என்ற அடையாளச் சோதனை முறை விண்டோஸ் 7க்குத் தெரியாது. அதைக் கேட்கும் பல்கலைக்கழக நெட்வொர்க்குகளில் வெளி மென்பொருள் தேவைப்பட்டது. விண்டோஸ் 8 முதல் அது உள்ளேயே இருக்கிறது.

"சிக்னலைக் கூட்டும்" என்று விற்கும் மென்பொருளுக்கு ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். அலையின் பலத்துக்கு வரம்பு கார்டும் ஆன்டெனாவும் நாட்டின் விதிகளும்தான். அதையும் தாயத்தையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

சரி, நீக்கும் முன் உங்கள் மாடலுக்கான டிரைவரைக் கம்பெனி தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தவறி டிரைவரும் போய்விட்டால், அதை இறக்க வைஃபை இருக்காது.