எஞ்சின் நின்றுபோனால் சீட் ஒயரை டைரக்ட் பண்ணாதீர்கள்

மழை ஆரம்பித்ததிலிருந்து இது மூன்றாவது வண்டி. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டி, சீட்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு துண்டு ஒயர். ஆள் எழுந்தால் எஞ்சினை அணைக்கும் சீட் சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராக இணைத்திருப்பார்கள், அதைத்தான் 'டைரக்ட்' என்பார்கள். முதல் இரண்டு வண்டியையும் ஓட்டியவர்களே கொண்டுவந்தார்கள். டேப்பைப் பிரித்து, சுவிட்சைச் சரிபண்ணி, சத்தம் போட்டு அனுப்பினேன். மூன்றாவது வண்டியை சூப்பர்வைசர்தான் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓட்டியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் இல்லை.

திருவொற்றியூரில் சின்ன எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஜெனரேட்டர், தண்ணி பம்பு, தோளில் மாட்டிப் புல் வெட்டும் மிஷின், இவைதான் தினசரி வேலை. வடசென்னையில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலை வளாகங்களுக்குள் போய்ப் பாருங்கள், மாதவரம் பக்கம் பெரிய மைதானங்களைப் பாருங்கள். தோட்ட வேலை பெரும்பாலும் கான்ட்ராக்ட். வண்டி வளாகத்துக்குச் சொந்தம், ஓட்டுபவர் கான்ட்ராக்டரின் ஆள், பழுது வந்தால் யார் பணம் கொடுப்பது என்று ஒரு வாரம் பேச்சு நடக்கும். அந்த ஒரு வாரமும் புல் வளர்ந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் சொல்வார்: "சீட்டு ஒயர டைரக்ட் பண்ணி வுட்டுரு, வண்டி நிக்கவே நிக்காது."

உண்மைதான், நிற்காது. பிளேடு சுற்றும்போது ஆள் இறங்கினாலும் நிற்காது. புல் கக்கும் வாய்க்குள் கை போனாலும் நிற்காது.

அந்த வண்டிக்கு என்னதான் கோளாறு என்று மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துபோகிறது என்பதுதான் புகார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சீட் சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. ஒயர் சுத்தம், கனெக்டர் சுத்தம். சீட் ஸ்பிரிங் மட்டும் கனமான ஆளுக்கு ஏற்றபடி கெட்டியாக வைக்கப்பட்டிருந்தது. ஓட்டியவர் ஒல்லியான மனிதர், ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். வண்டி குலுங்கும்போது அவர் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்புவார், ஆள் இறங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு சுவிட்ச் எஞ்சினை அணைக்கும். அந்த மாடலில் ஸ்பிரிங்கை நகர்த்தி வைக்க சீட்டுக்கு அடியிலேயே இடம் இருக்கிறது. எனக்குப் பத்து நிமிஷ வேலை. நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஈரப் புல் வாயை அடைத்திருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறார். ஒயரை டைரக்ட் பண்ணுவதற்கு முந்தைய எந்த நாளாக இருந்தாலும் அவர் எழுந்த நொடியே எஞ்சின் அணைந்திருக்கும்.

சீட் சுவிட்ச் என்பது கம்பெனிக்காரன் சும்மா வைத்த தொந்தரவு என்று நினைப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்காக விளக்கமாகவே சொல்கிறேன். புல்வெட்டும் பிளேடின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கத் தரநிலை சொல்கிறது. மணிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குப் பக்கத்தில்தான் உங்கள் வண்டியின் பிளேடும் சுற்றுகிறது. பிளேடை மூடியிருக்கும் டெக்குக்குள் மறைந்திருப்பதால் நமக்கு வேகம் கண்ணில் படுவதில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்தால் 5 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்றும் அதே தரநிலை சொல்கிறது. அந்த 5 நொடியைக் கொடுப்பது சீட் சுவிட்ச். அதை டைரக்ட் பண்ணினால், ஆள் எப்போதும் சீட்டிலேயே இருக்கிறார் என்று வண்டியிடம் பொய் சொல்லிவைக்கிறீர்கள். கீழே கிடந்தாலும், வண்டி கவிழ்ந்து நீங்கள் அடியில் மாட்டிக்கொண்டாலும், அது அந்தப் பொய்யை நம்பி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

"ரிவர்ஸ் போட்டா ஆஃப் ஆயிடுது சார்" என்று வருபவர்களும் இருக்கிறார்கள். பல மாடல்களில் பிளேடு ஓடும்போது பின்னால் எடுத்தால் எஞ்சின் அணைய வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். பின்னால் குழந்தை நிற்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. பிளேடை நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுங்கள், அணையாது. அது கோளாறே இல்லை.

இனி உண்மையான கோளாறுக்கு வருகிறேன். வண்டி வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்படி நின்றது? பத்தில் எட்டுப் பேருக்குப் பதில் தெரியாது. "நின்னுடுச்சு" என்பார்கள், கூடவே "கார்ப்பரேட்டர்தான்னு நினைக்கிறேன்" என்பார்கள். வரும் வழியிலேயே ஒருவர் கார்ப்பரேட்டரைக் கழற்றி, கேஸ்கெட்டைக் கிழித்து, மாட்டத் தெரியாமல் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். தயவுசெய்து கை வைக்காதீர்கள். அதற்குப் பதில் அடுத்த தடவை நிற்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். கத்தியால் வெட்டினாற்போல் சட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கம் பாருங்கள்: சுவிட்ச், கனெக்டர், பாடியில் முடுக்கிய எர்த் ஒயர், சாவி. இழுத்து இழுத்து, ஏறி இறங்கி, இருமி அணைந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே என் நேரத்திலும் உங்கள் பணத்திலும் பாதி மிச்சம்.

கரண்ட் பக்கம் என்றால் நம் பகுதிக்கென்று ஒரு விசேஷம் உண்டு. கடற்காற்று. எண்ணூரிலிருந்து வரும் வண்டிகளில் கனெக்டரைப் பிரித்தால் பச்சை பூத்திருக்கும். எர்த் முனையில் வெள்ளைப் பொடி. சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, இறுக்கி மாட்டினால் பாதி வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும். அடுத்தது எலி. ஷெட்டில் இரண்டு மாதம் நிறுத்திய வண்டியின் ஃபேன் கவரைக் கழற்றினால் உள்ளே கூடு கட்டியிருக்கும், ஒயரைக் கடித்திருக்கும். அந்தக் கூடும் காய்ந்த புல்லும் சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் ஃபின்களை மூடினால் எஞ்சின் சூடேறி அணையும். சூடானால் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் டேங்க் மூடியைப் பாருங்கள். இருபது நிமிஷம் நன்றாக ஓடி, இருமி நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் மூடியில் உள்ள காற்றுத் துளைதான். புல்தூசு அடைத்துக்கொள்ளும், காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. நின்ற உடனே, பக்கத்தில் பீடி சிகரெட் எதுவும் இல்லாமல், மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி ஓடினால் கோளாறு அகப்பட்டுவிட்டது. மூடியைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். தளர்த்திவைத்தே ஓட்டாதீர்கள், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிக்கும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற சின்ன எஞ்சின் தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரைதான் தங்கள் எஞ்சினுக்கு ஏற்றது என்கிறார்கள். பங்கில் கிடைப்பதைத்தானே ஊற்ற முடியும், அது உங்கள் தப்பு இல்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில், பாதி காலியான கேனில், மாதக்கணக்கில் வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும், டேங்கிலிருந்து எஞ்சின் எடுப்பதும் அடியிலிருந்துதான். சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள், கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதைவிட மோசமாகப் பார்த்தேன், டேங்கில் பாதிக்குப் பாதி தண்ணீர். இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் காலி பண்ணிவிட்டு நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரும் பெட்ரோல் ஃபில்டரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஓட்டுபவர்களுக்கு. ஈரப் புல்லை வெட்டாதீர்கள், வெயில் வரட்டும். வாய் அடைத்தால் பிளேடை நிறுத்து, எஞ்சினை நிறுத்து, சாவியை எடுத்து உங்கள் பையில் போடு, பிளக் கேப்பைக் கழற்று. அதற்குப் பிறகும் கை வேண்டாம், குச்சிதான். இரண்டு மூன்று பிளேடு உள்ள டெக்கில் ஒன்றைச் சுற்றினால் பெல்ட் வழியாக மற்றதும் சுற்றும். இந்தப் பக்கம் பிளேடைப் பிடித்துத் திருப்பி அந்தப் பக்கம் இருந்த சொந்தக் கையையே வெட்டிக்கொண்ட மெக்கானிக்கை எனக்குத் தெரியும்.

காலையில் வேலை தொடங்கும்முன் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். சமதரையில் நிறுத்தி, பக்கத்தில் யாரும் இல்லாமல், பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடை ஓடவிட்டு, சீட்டிலிருந்து லேசாக எழும்புங்கள். கால் இரண்டும் வண்டி மேலேயே இருக்கட்டும். எஞ்சின் அணைய வேண்டும். அணையாவிட்டால் அன்றைக்கு அந்த வண்டி ஓடக் கூடாது.

சூப்பர்வைசர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். "எப்படியாவது ஓட்டு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த "எப்படியாவது" ஒரு துண்டு ஒயராக மாறித்தான் என் ஷெட்டுக்கு வருகிறது. ஓட்டுபவருக்கு ஒருநாள் கூலி போய்விடும் என்ற பயம். மைதானத்தில் புல் ஒரு வாரம் உயரமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

மெக்கானிக் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இரண்டு வண்டிக்கு டைரக்ட் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்தேன், அன்றைக்குத் திறமை என்று நினைத்தேன். இந்த வாரம் அந்த இரண்டு வண்டியையும் தேடிப் போனேன். ஒன்று பழைய இரும்புக்குப் போய்விட்டது. இன்னொன்று மணலியில் இன்னும் ஓடுகிறது, அங்கேயே உட்கார்ந்து புது சுவிட்ச் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வண்டியின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டேப் சுற்றிய ஒயர் இருந்தால் அப்படியே கொண்டுவாருங்கள். சுவிட்ச் விலை மட்டும் கொடுத்தால் போதும், கூலி வாங்கமாட்டேன். ஓட்டுபவரையும் கூட்டிவாருங்கள், ஸ்பிரிங்கை அவர் எடைக்கு வைத்துத் தருகிறேன்.