அணை கட்டும்போது பட்டா இல்லாதவருக்கு என்ன உரிமை?

நீர்த்தேக்கத்துக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னால், பட்டா இல்லாதவர்கள் தங்களுக்கு எதுவும் கிடைக்காது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் மற்றும் மறுவாழ்வுச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இயற்றப்பட்டது.

நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்றாண்டுகளாக அங்கேயே உழைத்துப் பிழைத்து, இப்போது அந்தப் பிழைப்பை இழக்கும் விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், விளைச்சலில் பங்குக்குப் பயிரிடும் வாரதாரர்கள் ஆகியோரின் குடும்பங்கள் ‘பாதிக்கப்பட்ட குடும்பங்கள்’ ஆகும். மீனவர், படகோட்டி, காட்டில் தேனும் கிழங்கும் சேகரிப்பவர் ஆகியோரும் அப்படியே. வயதுவந்த மகனும் மகளும் தனித்தனிக் குடும்பங்கள். விதவையும் கணவரால் கைவிடப்பட்ட பெண்ணும் தனிக் குடும்பமே. கணக்கெடுப்பின்போது மகளின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுவாழ்வுக்கான வரைவுத் திட்டத்தை ஊரில் அறிவித்துப் பொது விசாரணை நடத்த வேண்டும். விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்ல அதுவே சரியான இடம்.

வீடு போனால் வீடு. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், போக்குவரத்துக்கு 50,000 ரூபாய். இவற்றோடு, வேலை அல்லது 5 லட்சம் ரூபாய் அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய் என மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். திட்டத்தால் வேலைவாய்ப்பு உருவானால்தான் வேலை கிடைக்கும்.

பாசனத் திட்டத்தில் நிலம் இழந்தவருக்கு, நில உரிமைப் பதிவேட்டில் பெயர் இருந்தால், பண இழப்பீட்டுக்குப் பதிலாக, ஆயக்கட்டில் (அணை நீர் பாயும் பகுதியில்) குறைந்தது ஓர் ஏக்கர் தர வேண்டும். ஆனால் ‘இயன்றவரை’ என்று ஒரு சொல் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லால் நிலம் கைநழுவிவிடக் கூடாது. எழுத்து மூலம் கேளுங்கள். நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமையும் ‘வழங்கலாம்’ என்றுதான் இருக்கிறது. கேட்காமல் அது வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி 38ஆம் பிரிவில் உள்ளது: நீரில் மூழ்குவதற்கு ஆறு மாதம் முன்பே மறுகுடியமர்வு முடிந்திருக்க வேண்டும். ஆந்திரத்தின் போலவரம் அணைத் திட்டப் பகுதியில் கோயா, கொண்டரெட்டிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள் பல, மறுகுடியமர்வு முடியாத நிலையிலேயே 2022 ஜூலை கோதாவரி வெள்ளத்தில் தவித்தன. இந்த விதி ஏன் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இழப்பீட்டையும் மறுவாழ்வையும் முடிவு செய்து கலெக்டர் வழங்கும் தீர்வாணையில் குறை இருந்தால், இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் ஆணையத்துக்கு அதை அனுப்புமாறு 64ஆம் பிரிவின்படி கலெக்டரிடம் எழுதிக் கொடுக்கலாம். தீர்வாணை வழங்கப்பட்டபோது நீங்கள் அங்கு இருந்திருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரமே கெடு.