எண்டார்ஸ்மென்ட்: வெறும் "ஆதரவு"ன்னு சொன்னா போதுமா?

அமெரிக்கால எலக்‌ஷன் சீசன் வந்துட்டா இந்த எண்டார்ஸ்மென்ட் வார்த்தை நியூஸ்ல ஓயாம அடிபடும், இன்ன செனட்டர் இன்னாருக்கு எண்டார்ஸ் பண்ணிட்டார்னு, அதாவது இந்த வேட்பாளருக்கு ஓட்டு போடுங்கன்னு தன் பேர போட்டு வெளிப்படையா சொல்லிட்டார்னு. தமிழ் பத்திரிகைங்க இத "ஆதரவு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுறாங்க. எனக்கு அது பத்தாதுன்னு தோணுது, ஏன்னா ஒரு எம்.பி.யோட சொந்தத் தொகுதி மக்களே அவருக்கு லெட்டர் எழுதி "நீங்க பண்ண எண்டார்ஸ்மென்ட்ட தயவுசெஞ்சு மறுபரிசீலனை பண்ணுங்க"ன்னு கேக்குறது அங்க உண்டு, அவர் மனசுல யாரை ஆதரிச்சா இவங்களுக்கு என்னன்னு கேட்டா "ஆதரவு"ங்குற சொல்லுக்குள்ள பதில் இல்ல.

சொல்லோட மூலம் லத்தீன்ல இருக்கு. டார்சம்னா முதுகு. அதுலேருந்து இடைக்கால லத்தீன் இண்டார்சாரே, பழைய பிரெஞ்சு எண்டோசே, கடைசில இங்கிலீஷுக்கு வந்து சேந்துது. ஒரு பத்திரத்தோட முதுகுப் பக்கத்துல, அதாவது பின்னாடி, எழுதுறதுதான் ஆதி அர்த்தம். தமிழ்லயும் புறம்னா முதுகுதான், போர்ல புறங்காட்டி ஓடுறது, ஒருத்தர் இல்லாதப்ப புறங்கூறுறது எல்லாம் அதுலேருந்து வந்ததுதான், அதனால பேங்க் சமாச்சாரத்துல புறக்குறிப்புன்னு சொல்றது நல்ல பொருத்தம். நம்ம காமர்ஸ் பாடத்துல மேலெழுதுதல்னும் வரும்.

இங்கதான் விஷயமே இருக்கு. இந்தியால 1881ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்த எடுத்துப் பாருங்க, 15வது பிரிவு எண்டார்ஸ்மென்ட்னா என்னன்னு சொல்லுது, 35வது பிரிவு அதோட விளைவ சொல்லுது. செக்க பின்பக்கம் கையெழுத்து போட்டு இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்தீங்கன்னா, அந்த செக் பவுன்ஸ் ஆனா பணம் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுக்கும் வந்துடும், நான் பொறுப்பில்லன்னு அப்பவே எழுதி வெச்சிருந்தா ஒழிய. முன்பக்கம் எழுதினவர் வேற ஆள்தான், ஆனா உங்க பேர நம்பித்தான் அடுத்தவர் வாங்கிக்கிட்டார். அரசியல்ல நடக்குறதும் இதேதான். ஒரு தலைவர் பேர நம்பி ஜனங்க இன்னொருத்தருக்கு ஓட்டு போடுறாங்க.

அடுத்தது பிரைமரி. இத "முதன்மைத் தேர்தல்"னு எழுதுறாங்க, படிக்கிறவங்க இதுதான் மெயின் எலக்‌ஷன்னு நினைச்சுக்குவாங்க. "உட்கட்சித் தேர்தல்"னா நமக்கு மாவட்டச் செயலாளர் தேர்தல்தான் ஞாபகம் வரும். பொதுத்தேர்தலுக்கு முன்னாடி, கட்சிக்கு யார் வேட்பாளர்னு சாதாரண வாக்காளர்களே ஓட்டு போட்டு முடிவு பண்றதுதான் பிரைமரி. விஸ்கான்சின் மாநிலத்துல 1904ல மக்கள் வாக்கெடுப்புல சட்டமாகி 1906ல மாநிலம் முழுக்க நடந்துச்சு, கட்சிப் பெரிய தலைங்க கதவ சாத்திட்டு ஆள் பொறுக்குறத ஒழிக்கத்தான் இத கொண்டுவந்தாங்க. "முதல்நிலைத் தேர்தல்"னு எழுதினா குழப்பம் வராது. போட்டி போடுறவங்க எல்லாரும் ஒரே கட்சிக்காரங்களா இருக்குறதால கட்சிச் சின்னத்த வெச்சு முடிவு பண்ண முடியாது, அதனாலதான் இங்க ஒரு பெரிய தலைவரோட வார்த்தைக்கு அவ்வளவு எடை.

இதுக்கு என் மனசுல நிக்குற உதாரணம் ஜான் லூயிஸ். அட்லாண்டா எம்.பி.யா இருந்தவர், கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டத்துல பெரிய பேர், 1965 மார்ச் 7 அன்னிக்கு அலபாமா மாநிலத்து செல்மா ஊர்ப் பாலத்துல ஓட்டுரிமை கேட்டு நடந்து போனப்ப போலீஸ் அடிச்சு மண்டை ஓடு உடைஞ்சுது, அப்ப அவருக்கு 25 வயசு. ஜனாதிபதி வேட்பாளர் ஆக ஒரே கட்சில ஹிலாரி கிளின்டனும் ஒபாமாவும் மோதினப்ப, 2007 அக்டோபர்ல இவர் ஹிலாரிக்கு ஆதரவு அறிவிச்சார், அந்தக் குடும்பத்தோட ரொம்ப வருஷப் பழக்கம். 2008 பிப்ரவரி 5 அன்னிக்கு ஜார்ஜியால பிரைமரி நடந்தப்ப மூணுல ரெண்டு பங்கு ஓட்டு ஒபாமாவுக்கு, லூயிஸோட சொந்தத் தொகுதில அதுக்கும் மேல. அவர் சூப்பர் டெலிகேட் வேற, அதாவது கட்சி மாநாட்டுல யாருக்கு வேணும்னாலும் ஓட்டு போடலாம்ங்குற உரிமை உள்ளவர். தொகுதி மக்கள் ஒரு பக்கம், அவர் குடுத்த வாக்கு இன்னொரு பக்கம். அந்த மாசம் 27ம் தேதி ஒபாமா பக்கம் வந்துட்டார். இத கட்சித் தாவல் மாதிரி பேசினவங்க உண்டு, நான் அப்படிப் பாக்கல, எந்த ஓட்டுக்காக அடி வாங்கினாரோ அந்த ஓட்ட போட்டு ஜனங்க ஒண்ணு சொல்றப்ப அத காதுல வாங்குனார், அவ்வளவு பெரிய மனுஷன் முடிவ மாத்திக்கிட்டது அவர் மேல எனக்கு இருந்த மரியாதைய கூட்டுச்சு.

2018ல இன்னொரு விதமா நடந்துச்சு. நியூயார்க்ல பத்து தடவை ஜெயிச்ச ஜோ கிரவுலிக்கு கலிபோர்னியா எம்.பி. ரோ கன்னா ஆதரவு அறிவிச்சார், முற்போக்குத் தரப்புலேருந்து கடுமையா எதிர்ப்பு வந்ததும் எதிர்த்து நின்ன அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸுக்கும் சேத்து ஆதரவுன்னு சொல்லிட்டார். ஜூன் 26 அன்னிக்கு நடந்த பிரைமரில ஒகாசியோ கோர்டெஸ்தான் ஜெயிச்சாங்க. 2022ல டெக்சாஸ்ல கருக்கலைப்பு உரிமைய எதிர்க்குற ஹென்றி குவேயாரை அப்ப சபாநாயகரா இருந்த நான்சி பெலோசி ஆதரிச்சத வாபஸ் வாங்கச் சொல்லி எவ்வளவோ பேர் கேட்டும் அவங்க அசையல, மறு எண்ணிக்கைக்கு அப்புறம் குவேயார் ஜெயிச்சது வெறும் 289 ஓட்டுல.

சரி, தமிழ்ல என்ன வெக்கலாம்? ஒப்புதல்னா அனுமதி குடுக்குற மாதிரி ஆயிடுது. பரிந்துரை, சிபாரிசு ரெண்டும் கிட்ட வருது, ஆனா சிபாரிசு பண்றவர் பேர் வெளில தெரியணும்னு அவசியமில்ல, காதோட காதா கூட பண்ணலாம். வழிமொழிதல் அழகான சொல், அதுக்கு ஏற்கனவே வேலை இருக்கு, நம்ம ஜனாதிபதி தேர்தல்ல வேட்புமனுவ 50 பேர் முன்மொழியணும் 50 பேர் வழிமொழியணும், அது சட்டப்படி செய்யுற சடங்கு. என் கணக்குல "ஆதரவு அறிவிப்பு"தான் சரி. பொதுவுல, தன் பேர போட்டு சொன்னதுங்குற அர்த்தம் அறிவிப்புல வந்துடுது, அறிவிச்சத திரும்பப் பெறவும் முடியும். "ஆதரவு வாபஸ்"னு மட்டும் தலைப்பு போடாதீங்க, நம்ம ஊர்ல அதுக்கு ஆட்சி கவிழுதுன்னு அர்த்தம்.

மறுபரிசீலனைன்னா வாபஸ்னு மட்டும் அர்த்தம் இல்ல, திரும்ப ஒரு தடவை யோசிங்கன்னு கேக்குறது. அதுக்குள்ள மூணு வழி இருக்கு, லூயிஸ் மாதிரி மாறிக்கலாம், கன்னா மாதிரி ரெண்டு பேருக்கும் சொல்லலாம், இல்ல அறிவிப்ப திரும்பப் பெற்று நடுநிலையா இருந்துடலாம். லெட்டர் எழுதுறவங்க இதுல எத கேக்குறாங்கன்னு தெளிவா எழுதணும், நான் உங்க தொகுதி வாக்காளர்னு முதல் வரிலயே அட்ரஸோட சொல்லணும், அந்த வேட்பாளர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டு போட்டார்னு ஒண்ணு ரெண்டு குறிப்பிடணும். அனுப்ப வேண்டியது அவரோட தேர்தல் பிரச்சார ஆபீசுக்கு, நாடாளுமன்ற ஆபீசுக்கு இல்ல, அரசாங்கச் சம்பளம் வாங்குற ஊழியர்கள் ஆபீஸ் நேரத்துல தேர்தல் வேலை பாக்கக் கூடாதுன்னு அங்க விதி இருக்கு. அதோட தபால் ஓட்டுச் சீட்டு வீடுகளுக்குப் போக ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லெட்டர் போய்ச் சேரணும், அதுக்கப்புறம் அவர் மனசு மாறினாலும் நிறைய பேர் ஓட்டு போட்டு முடிச்சிருக்கலாம்.