டெலிகான்ஃபரன்ஸ்: தொலைக்கூட்டமா, காணொலிக் காட்சியா?

“சார் வி.சி.யில் இருக்கிறார், அப்புறம் வாங்க.” ஏதாவது வேலையாக அரசு அலுவலகத்துக்குப் போனவர்கள் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். தனியார் கம்பெனியில் இதே சங்கதிக்குப் பெயர் ‘கால்’. “கால்ல இருக்கேன்” என்று யாராவது சொன்னால், யார் காலில் என்று கேட்க எனக்கு இன்றும் வாய் துறுதுறுக்கும். வி.சி. என்பது வீடியோ கான்ஃபரன்ஸ். கால் என்பது பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் கால். இரண்டுக்கும் பொதுவான தாய்ச்சொல் டெலிகான்ஃபரன்ஸ்.

‘டெலி’ கிரேக்கம், தூரம் என்று பொருள். ‘கான்ஃபரன்ஸ்’ லத்தீன் வழி வந்தது. ‘கான்’ என்றால் ஒன்றாக, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து வருதல். ஆளாளுக்குத் தன் யோசனையைச் சுமந்து வந்து ஓரிடத்தில் இறக்கி வைப்பதுதான் கான்ஃபரன்ஸ். ‘வீடியோ’வும் லத்தீன்தான், ‘நான் காண்கிறேன்’ என்ற வினைமுற்று அப்படியே பெயராகிவிட்டது. ஆக, டெலிகான்ஃபரன்ஸ் பாதி கிரேக்கம், பாதி லத்தீன். டெலிவிஷனும் இதே கலப்புதான். அந்த மொழிக்காரர்கள் இதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் கொரோனா காலத்தில் பிறந்ததல்ல. 1915 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த தொலைபேசிக் கம்பியின் தொடக்க விழா நடந்தது. நியூயார்க்கில் கிரகாம் பெல், சான்ஃபிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன், வாஷிங்டனில் அதிபர் வில்சன், ஜெகில் தீவில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனியின் தலைவர் தியோடர் வெயில் என்று நான்கு ஊர்க்காரர்கள் ஒரே கம்பியில் இருந்தார்கள். 1876இல் முதன்முதலாகத் தொலைபேசியில் சொன்ன அதே வாக்கியத்தை, “வாட்சன், இங்கே வாருங்கள்” என்பதை, பெல் மறுபடியும் சொன்னார். இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகுமே என்றார் வாட்சன். தொலைக்கூட்டம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. முகம் பார்த்துப் பேசுவது மட்டும் லேசில் கைகூடவில்லை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் கூட்டம் கூட்டிய, முகம் காட்டும் தொலைபேசியான பிக்சர்ஃபோன், 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலர் கட்டணத்தில் விற்பனைக்கு வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தமிழக அரசின் செய்திக்குறிப்புகளில் ‘காணொலிக் காட்சி வாயிலாக’ என்று வரும். ‘காட்சி’ என்பதே ‘காண்’ என்ற வேரிலிருந்து வந்த சொல். அதோடு இன்னொரு ‘காண்’ எதற்கு? ‘நடு சென்டர்’ என்கிறோமே, அந்தக் கதைதான். அதைவிடப் பெரிய குறை, இதில் கூடிப் பேசுவதற்கான சொல்லே இல்லை. காட்சி என்றால் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். (சில கூட்டங்களில் நடப்பதும் அதுதான் என்பது வேறு விஷயம்.)

காணொலியா, காணொளியா என்ற சண்டையும் உண்டு. வினைத்தொகையாக எடுத்தால் காணொலி என்பது ‘காணும் ஒலி’. ஒலியைக் காண முடியாது என்பார்கள் ஒளிக்கட்சியினர். காண்பதும் ஒலியும் சேர்ந்தது என்று உம்மைத்தொகையாகக் கொள்ளுங்கள் என்பார்கள் ஒலிக்கட்சியினர். நான் ஒலிப் பக்கம். சத்தம் வராத வி.சி.யில் அரை மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு வேறு பக்கம் தேவையில்லை. எந்தக் கட்சியானாலும் ‘கானொளி’ என்று றன்னகரம் போடாதீர்கள். அது காடு சம்பந்தப்பட்டது.

கான்ஃபரன்ஸை ‘மாநாடு’ என்று பெயர்ப்பது பொருந்தாது. நாலு பேர் பேசும் திங்கட்கிழமை கூட்டத்துக்குப் பந்தலும் தோரணமும் எதற்கு? ‘கலந்தாய்வு’ பொருளில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல் பொறியியல் சேர்க்கைக்கும் ஆசிரியர் இடமாறுதலுக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. ‘தொலைக்கலந்தாய்வு’ என்றால் கட் ஆஃப் எவ்வளவு என்று கேட்பார்கள். ‘மெய்நிகர்க் கூட்டம்’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. ஆட்கள் நிஜம், பேச்சு நிஜம், எடுக்கும் முடிவும் நிஜம். தூரம் மட்டும்தான் இடையில் இருக்கிறது. ‘இணையவழிக் கூட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் சாதாரணத் தொலைபேசியில் கூடுவதை விட்டுவிடுகிறது.

மிஞ்சுவது ‘தொலைக்கூட்டம்’. ‘தொலை’ தூரத்தைச் சொல்லிவிடுகிறது. கூடு என்ற வினையிலிருந்து வந்த ‘கூட்டம்’, கான்ஃபரன்ஸின் ‘ஒன்றாக’ என்ற கருத்தைத் தாங்குகிறது. தொலைக்காட்சிக்குப் போட்ட அதே க்-கை இங்கேயும் போட வேண்டும். தொலைபேசிக்கு மட்டும் ப் போடாமல் பழகிவிட்டோம், அது இருக்கட்டும். ‘தொலைந்து போ’ என்ற வசவு நினைவுக்கு வருகிறதே என்பவர்கள் தொலைக்காட்சியை எப்படிச் சகித்துக்கொண்டார்கள் என்று யோசிக்கலாம்.

இதைப் பொதுச்சொல்லாக வைத்து, குரல் மட்டும் என்றால் தொலைபேசிக் கூட்டம், முகமும் தெரிந்தால் காணொலிக் கூட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவினை வெறும் அழகுக்காக அல்ல. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 173ஆம் பிரிவு, இயக்குநர் குழுக் கூட்டத்தில் காணொலி வழியாகவோ, ஒலியும் காட்சியும் சேர்ந்த வேறு வழியிலோ கலந்துகொள்ள அனுமதிக்கிறது. அப்படி வருபவர் குறைவெண்ணுக்கும் (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற எண், அதாவது கோரம்) கணக்கில் வருவார். வெறும் ஃபோனில் பேசியவர் வரமாட்டார். ஆகவே நடவடிக்கைக் குறிப்பேட்டில் பொத்தாம்பொதுவாகத் ‘தொலைக்கூட்டத்தில் கலந்துகொண்டார்’ என்று எழுதினால் போதாது; அங்கே ‘காணொலி வழியாக’ என்றே எழுத வேண்டும்.