பிக்கப்பா, மைலேஜா: பெட்ரோல் எங்கே போகிறது?

வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரியான கார்கள்தான். நான்கு மீட்டரை ஒட்டிய நீளம், பின்னால் மேலே தூக்கித் திறக்கும் கதவு. ஒன்றில் 200 குதிரைத்திறன் டர்போ எஞ்சின். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை ஏழு விநாடிக்குள் தொட்டுவிடும். இன்னொன்றில் 70 குதிரைத்திறன்; அது 13, 14 விநாடி எடுத்துக்கொள்ளும். சரி, இரண்டையும் சமதளச் சாலையில் 100 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் ஓட விடுவோம். 200 குதிரைத்திறன் கார் இப்போது செலவிடுவது எவ்வளவு? சுமார் 17 குதிரைத்திறன். 70 குதிரைத்திறன் கார்? சுமார் 15.

இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. சீரான வேகத்தில் போகும் காரைத் தடுப்பவை இரண்டே: எதிரே நிற்கும் காற்று, நசுங்கி நசுங்கி உருளும் டயர். டயரின் தடை எடையைப் பொறுத்தது. வேகத்தோடு அதிகம் மாறாது. 1,000 கிலோ காருக்கு அது ஏறக்குறைய 100 நியூட்டன் (நியூட்டன் என்பது விசையை அளக்கும் அலகு). காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். சின்ன ஹேட்ச்பேக்குக்கு 50 கிலோமீட்டரில் 80 நியூட்டனை ஒட்டி இருப்பது, 100இல் 300ஐத் தாண்டிவிடும். தடையை வேகத்தால் பெருக்கினால் தேவைப்படும் திறன் வந்துவிடும். நகர வேகத்தில் 3, 4 குதிரைத்திறன் போதும். 140இல் 40ஐ நெருங்கும். எந்தக் கார் என்றாலும் காற்றுக்குக் கவலையில்லை.

ஆக, சாலை இரண்டு கார்களிடமும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே வேலை. எடையிலும் டயரிலும் வரும் வித்தியாசம் 10, 12 சதவீதம். ஆனால் பெட்ரோல் கணக்கில் வித்தியாசம் 30 சதவீதம், 50 சதவீதம் என்று போகிறதே, அந்த மிச்சம் எங்கே போகிறது? எஞ்சினுக்குள்ளேயே போகிறது.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நாம் நேரடியாகத் திறப்பது காற்று போகும் வழியை. அந்த வழியில் இருக்கும் தகடுதான் த்ராட்டில். உள்ளே வரும் காற்றின் அளவுக்கு ஏற்ப எஞ்சினே பெட்ரோலைச் சேர்த்துக்கொள்ளும். 200 குதிரைத்திறன் எஞ்சினிடம் 17 மட்டும் கேட்டால், அந்தத் தகடு கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சியாக வேண்டும். சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள், கைக்குத் தெரியும். எஞ்சின் இந்த இழுப்பை ஒவ்வொரு உறிஞ்சலிலும் இழுக்கிறது, அதுவும் தன் சொந்தப் பெட்ரோல் செலவில். இதோடு பெரிய எஞ்சினுக்குப் பெரிய பிஸ்டன்கள், பெரிய தாங்கிகள் (பேரிங்). அவற்றின் உராய்வு, கார் ஊர்ந்தாலும் பறந்தாலும் இருக்கத்தான் செய்யும்.

இதனால்தான் ஒரு எஞ்சினின் செயல்திறன் என்று ஒற்றை எண்ணைச் சொல்ல முடிவதில்லை. நல்ல பெட்ரோல் எஞ்சின் தனக்குப் பிடித்த சுமையில், அதாவது தன்னிடம் கேட்கும் வேலை சரியான அளவில் இருக்க, ஓடும்போது எரிபொருளின் ஆற்றலில் 35 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றும். அதே எஞ்சின் மிகக் குறைந்த சுமையில் 20க்கும் கீழே இறங்கிவிடும். 70 குதிரைத்திறன் எஞ்சின் 15ஐத் தரும்போது தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உழைக்கிறது. பெரியது 17ஐத் தரும்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கன கார் நம்மைக் கட்டிப்போட்டு மைலேஜ் வாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் எஞ்சின் தனக்கு வசதியான சுமைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, அவ்வளவுதான்.

சிக்னலில் சும்மா நிற்கும்போது வித்தியாசம் இன்னும் அப்பட்டம். நிற்கும் காரில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் குடிப்பது பெரும்பாலும் அதன் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைப் பொறுத்தது. அதனால் நெரிசலில்தான் ஸ்போர்ட்டி காரின் மைலேஜ் படுத்துவிடும். நெடுஞ்சாலையில் சுமை கூடக்கூட இரண்டுக்கும் இடைவெளி சுருங்கும். நிற்கும்போது தானே அணைந்து எழும் வசதி இருந்தால் இந்த நஷ்டத்தில் ஒரு பகுதி தப்பும்.

எஞ்சினியர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2018இல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி இதற்கு அழகான சாட்சி. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போவோடு 200 குதிரைத்திறன். நிதானமாகப் போகும்போது அதன் ஒரு சிலிண்டர் வேலையை நிறுத்திவிடும். வால்வுகள் மூடியே இருக்கும். மிச்சம் இரண்டும் கூடுதல் சுமையைத் தூக்க வேண்டியிருப்பதால் த்ராட்டில் அகலத் திறக்கும், உறிஞ்சும் சிரமம் குறையும். அதாவது ஒரு ஸ்போர்ட்டி கார், சாலை சும்மா இருக்கும் நேரத்தில் தன்னைச் சின்ன காராக மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது.

டர்போவின் அடிப்படை எண்ணமும் அதேதான். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. மெதுவாகப் போனால் சின்ன எஞ்சின், மிதித்தால் பெரிய எஞ்சின். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றை அப்படித் திணிக்கும்போது சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் ஏறி, பெட்ரோல் தன் இஷ்டத்துக்கு முன்கூட்டியே வெடிக்கப் பார்க்கும். நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதைத் தவிர்க்க டர்போ எஞ்சினின் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் உள்ளே வந்ததை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை, கொஞ்சம் குறைத்து வைக்கிறார்கள்; பல சமயம் அவ்வளவு எளிதில் முன்கூட்டி வெடிக்காத உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்கிறார்கள். சிக்கன எஞ்சின் எதிர்த்திசையில் போகிறது. காற்றைத் திணிக்காமல் அழுத்த விகிதத்தை 12, 13 என்று ஏற்றி, ஒவ்வொரு துளியில் இருந்தும் கூடுதலாகப் பிழிகிறது. முழு மிதியில் பல டர்போ எஞ்சின்கள் இன்னொரு வேலையும் செய்யும்: உள்ளே சூடு தாங்காமல் போகக்கூடாது என்று, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகப் பெட்ரோலைத் தெளிக்கும். குளிர்விக்கப் பெட்ரோல்! எனக்கு இது என்றைக்கும் மனசுக்கு ஒப்பாத விஷயம்.

அதற்காக, சீறிக் கிளம்புவதால்தான் பெட்ரோல் போகிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1,300 கிலோ காரை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர அதில் ஏற்ற வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 500 கிலோஜூல். ஏழு விநாடியில் ஏற்றினாலும் பதினான்கில் ஏற்றினாலும் அதே 500தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் 30 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால், ஒரு முழுக் கிளம்பலுக்கு 50 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம் செலவு. இந்த ஆற்றல் வேகத்தின் வடிவில் காருக்குள்தான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. நீங்கள் பிரேக்கை அழுத்தும்போதுதான் அது டிஸ்க்கில் வெப்பமாகிக் காற்றோடு போகிறது. ஸ்போர்ட்டி காரில் மைலேஜ் குறைவதற்கு, அது சீக்கிரம் வேகமெடுப்பதால் நாம் அடிக்கடி பிரேக் போட வேண்டி வருவதும் ஒரு முக்கியக் காரணம். முன்னால் பார்த்து, காலை முன்கூட்டியே எடுத்து ஓட்டுகிறவர் கையில் 200 குதிரைத்திறன் காரும் ஓரளவு அடங்கித்தான் ஓடும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை முழுவதுமே நிறுத்திவிடுகின்றன.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலமான, மென்மையான ரப்பர் வளைவில் நன்றாகப் பிடிக்கும். நசுங்கி மீளும்போது அதிக ஆற்றலை வெப்பமாக விழுங்கவும் செய்யும். நல்ல சிக்கன டயருக்கும் ஒட்டும் டயருக்கும் உருளல் தடையில் மூன்றில் ஒரு பங்குவரை வித்தியாசம் வரலாம். ஷோரூமில் பெரிய அலாய் சக்கரத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சரி, ஓட்டும் சுகம்? அது குதிரைத்திறனில் மட்டும் இருக்கிறது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, குறைவாகக் குடிக்கும் சின்ன கார் வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்தது பிரிட்டனின் மினி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்தது. 848 சிசி, 34 குதிரைத்திறன், 600 கிலோவை ஒட்டிய எடை. இடம் மிச்சம் பிடிக்க எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்தார், சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். சிக்கனத்துக்காகச் செய்த இந்த இரண்டும் சேர்ந்து, அதை வளைவுகளில் ஒட்டிக்கொண்டு ஓடும் காராக்கிவிட்டன. பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் இதைக் கவனித்தார். 1961இல் மினி கூப்பர் வந்தது, 55 குதிரைத்திறன். 1964, 65, 67 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை மினிதான் வென்றது. 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்கான கோல்ஃப் ஜிடிஐக்கும் 110 குதிரைத்திறன்தான். எடை 800 கிலோவை ஒட்டி இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. இன்றைய ஜிடிஐ 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. எடை குறைந்தால் கிளம்புவது, நிற்பது, திரும்புவது மூன்றும் சுலபமாகும், பெட்ரோலும் மிச்சமாகும்.

ஆனால் அதிகத் திறனுக்கு ஒரு நியாயமான பக்கமும் உண்டு. லாரியை முந்த 80இலிருந்து 110க்குப் போக வேண்டும் என்று வையுங்கள். தடைகளுக்குக் கொடுத்தது போகச் சராசரியாக 30 கிலோவாட் (சுமார் 40 குதிரைத்திறன்) மிச்சம் வைத்திருக்கும் 1,000 கிலோ காருக்கு ஏழு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஏறக்குறைய 200 மீட்டர் சாலை ஓடியிருக்கும். 90 கிலோவாட் (சுமார் 120 குதிரைத்திறன்) மிச்சமிருக்கும் 1,300 கிலோ காருக்கு மூன்று விநாடி, 85 மீட்டர் போதும். இருவழிச் சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு இந்த இடைவெளி வெறும் ஆடம்பரம் இல்லை.

விளம்பரத்தில் பார்க்கும் மைலேஜ் எண்ணும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்த காரை 13 கொடுக்கும் காராக மாற்றினால் 100 கிலோமீட்டருக்கு 2.3 லிட்டர் மிச்சம். 20ஐ 30ஆக மாற்றினால்? 1.7 லிட்டர்தான். மூன்று கூடியது பத்து கூடியதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் சயின்ஸ் இதழில் இந்த மயக்கத்தைத்தான் எடுத்துக்காட்டினார்கள். அதனால் எண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 13 கொடுக்கும் ஸ்போர்ட்டி கார் 100 கிலோமீட்டருக்கு 7.7 லிட்டர், 20 கொடுக்கும் சிக்கன கார் 5 லிட்டர். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் 160 லிட்டர். 25,000 ஓட்டுகிறவருக்கு 670. முதல் ஆளாக இருந்தால், ஆசைப்பட்டதை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவது ஆளுக்குச் சொல்ல மாட்டேன்.

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது நடுவில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: 1,000 கிலோவை ஒட்டிய எடை, 100 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின், குறுகிய டயர். அது சின்ன டர்போவாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: எப்போதும் மிதித்தே ஓட்டினால், சொன்ன மைலேஜ் வராது. சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது காலியான நேர்ச்சாலையில் விரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் தெரியும். நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, நல்ல மேடு ஒன்றில் ஏறிப் பாருங்கள். ஆறு சதவீத ஏற்றத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கவே 45 குதிரைத்திறனை ஒட்டித் தேவைப்படும். ஏசி தனியாக இன்னும் மூன்று நான்கு கேட்கும். 70 குதிரைத்திறன் கார் அங்கே ஒரு கியர் இறங்கி, சத்தம் கொஞ்சம் கூடினாலும் வேகத்தை விடாமல் ஏறிவிட்டால், மிச்ச 130 குதிரைத்திறன் உங்களுக்கு எதற்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மேட்டின் பாதியிலேயே மூச்சு வாங்கினால், அடுத்த காரின் சாவியைக் கேளுங்கள்.