"எத்தனை ரிக்டர் தாங்கும் சார்?" குழியைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு

போன வாரம் மறுபடியும் அப்படி ஒரு படம் வந்தது. பெரிய குழி, அடியில் நெருக்கமாகக் கட்டிய கம்பி, ஓரத்தில் டவர் கிரேனின் கால். கூடவே ஒரு வரி: "எவ்வளவு ஆழம் தோண்டியிருக்காங்க பாருங்க சார். 9 ரிக்டர் வந்தாலும் அசையாதுன்னு சொல்றாங்க. சரிதானே?" அனுப்பியவர் அந்தக் கட்டடத்தின் நாற்பதாவது மாடியில் வீடு பதிவு செய்திருப்பவர். கட்டடம் இன்னும் தரைமட்டத்துக்கே வரவில்லை.

நிலநடுக்கப் பகுதிகளில் எழும் உயரக் கட்டடங்களின் கட்டமைப்பு வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பவர் இப்படிக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர் கேட்கும்போது எரிச்சலும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்காது. ஆனால் அவர் கேட்பதோ பதிலே இல்லாத கேள்வி.

முதலில் இந்த ரிக்டர் கதையை முடித்துவிடுகிறேன். நிலநடுக்கத்துக்குச் சொல்லப்படும் அந்த எண், பூமிக்கடியில் எங்கோ ஒரு பிளவில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதற்கான அளவு. (பெரிய நிலநடுக்கங்களுக்கு ரிக்டர் அளவுகோலை விட்டு நாளாகிவிட்டது. செய்திகளில்தான் ரிக்டர் இன்னும் ஓய்வு பெறவில்லை.) ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண். உங்கள் கட்டடத்துக்கு அடியில் தரை எப்படி ஆடும் என்பது அந்த எண்ணில் இல்லை. அது தூரத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. எல்லாவற்றையும்விட, கீழே இருக்கும் மண்ணைப் பொறுத்தது. காலடியில் வரும் 6 செய்கிற சேதத்தை, பல நூறு கிலோமீட்டர் தள்ளி வரும் 8 செய்யாமல் போகலாம். தலைகீழாகவும் நடக்கலாம், நடந்திருக்கிறது.

1985 செப்டம்பர் 19-ஆம் தேதி மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8 அளவில் நிலநடுக்கம் வந்தது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். நகரத்துக்குள்ளேயே கெட்டியான தரை மேல் இருந்த பகுதிகள் பெரிய சேதமில்லாமல் தப்பின. பழைய ஏரிப்படுகையின் களிமண் மேல் இருந்த பகுதிதான் நொறுங்கியது. அந்தக் களிமண் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் போய்வந்து ஆடியது. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகும்? அதே வேகத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்களுக்கு அதுதான் ஆனது. அதே ஏரிமண்ணில் 1956-ல் கட்டி முடித்த 44 மாடி டொர்ரே லத்தீனோஅமெரிக்கானா அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. உயரம் கூடக் கூட ஆபத்து என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பின்னால் போவானேன்? 2025 மார்ச் 28-ஆம் தேதி மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட அரசு அலுவலகக் கட்டடம் ஒன்று சில விநாடிகளில் சரிந்து விழுந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் புதைந்துபோனார்கள். அதே நகரத்தில் மற்ற உயரக் கட்டடங்கள் ஆடின, மொட்டைமாடி நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது, ஆனாலும் நின்றன. எல்லாவற்றுக்கும் அதே நிலநடுக்கம், அதே 7.7. இப்போது சொல்லுங்கள், "7.7 தாங்கும்" என்று எந்தக் கட்டடத்துக்கு எழுதிக் கொடுப்பது? சக பொறியாளர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: விளம்பரத்தில் போட ஒரு நம்பர் கொடுங்கள் என்று விற்பனைப் பிரிவு எத்தனை முறை நச்சரித்தாலும் கொடுக்காதீர்கள்.

நாங்கள் கணக்குப் போடுவது தரையின் முடுக்கத்தை, அதாவது தரை எவ்வளவு வெடுக்கென்று உலுக்கும் என்பதை, வைத்து. அந்த இடத்தில், அந்த மண்ணில், 50 ஆண்டுக்குள் வருவதற்கு 10 சதவீத வாய்ப்புள்ள அதிர்வு எது, 2 சதவீத வாய்ப்புள்ள அதிர்வு எது என்று எடுப்போம். பல நாடுகளின் விதிகள் இந்த அடிப்படையில்தான் இருக்கின்றன. இரண்டாவதாகச் சொன்ன அந்த அரிய, பெரிய அதிர்வில் கட்டடம் இடிந்து விழக்கூடாது என்பதே குறி. நன்றாகக் கவனியுங்கள், "இடிந்து விழக்கூடாது" என்றுதான் சொன்னேன். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லவில்லை. சுவரில் விரிசல் விழலாம், கம்பி திரும்பி வராத அளவுக்கு நெகிழ்ந்திருக்கலாம், நீங்கள் மாதக்கணக்கில் வேறு இடத்தில் தங்க நேரலாம். உயிரோடு படியிறங்கி வந்துவிட்டீர்கள் என்றால், விதி கேட்டதைக் கட்டடம் செய்துவிட்டது.

அடுத்து இந்த ஆழம். குழி ஆழமாக இருப்பது பெரும்பாலும் கார் நிறுத்தத்தான். பார்க்க வேண்டியது குழிக்கும் கீழே மண்ணுக்குள் போகும் பைல் (கட்டடத்தின் பாரத்தை ஆழத்துக்குக் கொண்டுபோகும் தூண்) எதன் மேல் நிற்கிறது என்பதை. சான் பிரான்சிஸ்கோவின் மில்லேனியம் டவரில் 58 மாடி, 2009-ல் திறந்தார்கள். அதன் பைல்கள் பாறைவரை போகவில்லை, நடுவில் இருந்த கெட்டியான மணல் அடுக்கோடு நின்றுவிட்டன. 2016-க்குள் கட்டடம் சுமார் 40 சென்டிமீட்டர் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்தும் போனது. நிலநடுக்கம் எதுவும் வந்து அதை இறக்கவில்லை. பிறகு ஆட்கள் மேலே குடியிருக்கும்போதே ஓரத்தில் 18 பைல்களைப் பாறைவரை இறக்கிப் பாரத்தில் ஒரு பங்கை அவற்றுக்கு மாற்றினார்கள். உடனே "பாறையைத் தொட்டால்தான் கட்டடம்" என்று கிளம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன மெக்சிகோ கட்டடமும் மணல் அடுக்கின் மேல்தான் நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் அந்தக் களிமண்ணும் நிலத்தடி நீரும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து அதற்கேற்ப அடித்தளம் போட்டார்கள். தைவானின் தைப்பே 101 கோபுரத்துக்கோ பைல்களைப் பாறைக்குள்ளேயே பல மீட்டர் செருகினார்கள். மண்ணுக்கு மண் விடை மாறும். அதனால்தான் மண் ஆய்வு அறிக்கை, மண் ஆய்வு அறிக்கை என்று உயிரை விடுகிறோம்.

"ஒரு வருஷமா குழியிலேயே கிடக்குதே" என்பது இன்னொரு அங்கலாய்ப்பு. கிடக்கட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் வில்ஷயர் கிராண்ட் கட்டடத்துக்கு 2014 பிப்ரவரியில் அடித்தளக் கான்கிரீட் போட்டார்கள். 5 மீட்டருக்கு மேல் தடிமன், ஏறத்தாழ 16,000 கன மீட்டர், நடுவில் நிறுத்தாமல் இரவு முழுக்கப் போட்டு முடித்தார்கள். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. அதை எல்லாரும் படம் எடுத்தார்கள். அப்புறம் உள்ளே குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு அந்தக் கான்கிரீட்டின் சூட்டை இறக்கிய நாட்களை யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். அவசரப்பட்டால் உள்ளேயே விரிசல் விடும் கட்டம் அதுதான்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இதைவிடச் சின்ன விஷயம். கட்டடத்தின் நடுவில் லிப்டையும் படிக்கட்டையும் சூழ்ந்து நிற்கும் கோர் சுவரின் ஓரத்தில் உள்ள கம்பிக்கூட்டைச் சுற்றி ரிங் போடுவார்கள். அதன் இரண்டு முனைகளும் 135 டிகிரிக்கு மடங்கி உள்ளே புதைய வேண்டும். 90 டிகிரியோடு விட்டால், அதிர்வில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துவிடும், உள்ளே இருக்கும் நெடுங்கம்பி பிதுங்கிவிடும். ஒரு தளத்தில் டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் தெரிகிற ரிங் எல்லாம் ஒழுங்கு. உள்பக்க வரிசையில் பாதிக்கு மேல் 90-லேயே நின்றது. மேஸ்திரி மறைக்கவில்லை. "இந்த நெருக்கத்துல மடக்கக் கை போகல சார். கான்கிரீட் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். பிரித்துக் கட்டச் சொன்னேன். அந்த வாரம் முழுக்கத் தளத்தில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. அவர் மேலும் முழுத் தப்பில்லை, கை போகாத இடத்தில் ரிங்கை வரைந்தவர் எங்கள் ஆள்தான்.

அப்புறம், பாதி கட்டிய கட்டடம். முழுக் கட்டடத்துக்குப் போட்ட கணக்கு பாதிக் கட்டடத்துக்குப் பொருந்தாது. எடை வேறு, விறைப்பு வேறு, கான்கிரீட் முழு வலுவை எட்டியிருக்காது, சில இடங்களில் தற்காலிக முட்டுகள்தான் தாங்கிக்கொண்டிருக்கும். ஆட்டத்தைக் குறைக்கும் டேம்பர் கடைசியில்தான் வரும். தைப்பே 101-இன் 660 டன் டேம்பர் பந்தைப் பற்றி ஊரே பேசுகிறது. 2002 மார்ச் 31-ஆம் தேதி அது கட்டுமானத்தில் இருந்தபோதே நிலநடுக்கம் வந்ததும், உச்சியிலிருந்த இரண்டு கிரேன்கள் கீழே விழுந்து ஐந்து பேர் இறந்ததும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கட்டமைப்பு தாங்கியது, கிரேன் தாங்கவில்லை. 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியபோது, கட்டுமானத்தில் இருந்த டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரம் ஏறக்குறைய உச்சியைத் தொட்டிருந்தது, மேலே ஆட்களும் கிரேன்களும் இருந்தார்கள், எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். கட்டும் காலத்துக்கும் தனியாகக் கணக்குப் போடலாம், போட வேண்டும்.

வீடு பதிவு செய்தவர்களே, நம்பர் கேட்பதை விடுங்கள். பைல் எந்த அடுக்கில் நிற்கிறது, மண் ஆய்வைச் செய்தது யார், வடிவமைப்பைக் கட்டுநருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு குழு சரிபார்த்ததா, பெரிய அதிர்வுக்குப் பிறகு கட்டடம் எந்த நிலையில் இருக்கும் என்று வடிவமைத்தார்கள்? இவற்றைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் டெக்னிக்கல் சார், உங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தால், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அவசரத்தைத் தள்ளிவையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதைத் திட்டாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். தோண்டத் தொடங்கும் முன்பே உங்கள் சுவர், தரை, கதவுச்சட்டம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழியிலிருந்து நிலத்தடி நீரை இறைக்கும்போது உங்கள் பக்கத்து மண்ணும் இறங்கக்கூடும். விரிசல் தெரிந்தால் அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இடித்தாலோ அன்றே கட்டுநருக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பூசி மெழுகிவிட்டு ஆறு மாதம் கழித்து எங்களிடம் வந்தால், எதை வைத்துப் பேசுவது?

வேடிக்கை பார்ப்பவர்கள் கிரேன் கைக்குக் கீழே நிற்க வேண்டாம். தரை ஆடினால் படம் எடுக்கக் குழிப் பக்கம் ஓடவே வேண்டாம். உள்ளே வேலை செய்பவர்கள், குழியிலிருந்து மேலேற இரண்டு வழியாவது இருக்கிறதா என்று வேலைக்கு இறங்கிய முதல் நாளே பாருங்கள். அதிர்வு நின்றதும் மேலே வந்துவிடுங்கள். பின்னதிர்வு வரும். பக்கச் சுவரின் முட்டுகளையும் கிரேனின் அடிப்பிடிப்பையும் பொறுப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை, விட்டுவந்த கருவியை எடுக்கக்கூட யாரும் கீழே இறங்கக்கூடாது. மேலாளர் சத்தம் போட்டாலும் சரி.