ஷிக்ராவா, பிராப்பிடியனா, வல்லூறா?

பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கமெல்லாம் ஒரே கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் புழங்கும். தென்னந்தோப்புக்குள் தாழப் பறந்து வந்து ஓணானைக் கவ்விக்கொண்டு போகும் சின்ன வேட்டைப் பறவைக்கு அங்கே பெயரும் ஒன்றாக இல்லை. மலையாளத்தில் பிராப்பிடியன். நம் ஆட்கள் 'பிராந்து' என்று பருந்தோடு சேர்த்துவிடுவார்கள், பறவை பார்க்கப் போகிற பிள்ளைகளோ ஷிக்ரா என்பார்கள். தமிழில் அதற்கு வல்லூறு என்று நல்ல பெயரே இருக்கிறது.

ஷிக்ரா இந்தி வழியாக வந்த சொல், மூலம் பாரசீகம். ஷிகார் என்றால் வேட்டை, ஷிகாரி என்பதும் அதே குடும்பம்தான். இந்தப் பறவையைப் பழக்கி வேட்டைக்கு விட்டவர்கள் பெண்ணைத்தான் ஷிக்ரா என்றார்கள், ஆணுக்கு சிப்பக் என்று தனிப்பெயர். பெண் உருவத்தில் பெரியது, அதனால் அதற்குத்தான் மதிப்பு.

பிராப்பிடியன் என்பதில் பிராவு என்றால் புறா, புறாவைப் பிடிப்பவன் என்று பொருள். கேட்க நன்றாக இருந்தாலும், இதுவே புறா அளவுதான், 26 முதல் 30 செ.மீ. நீளம். அதனால் வழக்கமான இரை ஓணான், பல்லி, எலி, சிறு குருவி, வெட்டுக்கிளி, சில நேரம் அணில். இது தோப்புக்குள் நுழைந்தாலே அணில்கள் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

அப்புறம் வல்லூறு. வல் என்பது வலிமை. ஊறு, 'உறு' என்ற வினையிலிருந்து வருவது. தொடுதல், தாக்குதல், அதனால் வரும் துன்பம் எல்லாம் அதில் அடங்கும். புல்லூறு என்றும் ஒரு பெயர் இருப்பதால், வல்+ஊறு, புல்+ஊறு என்று பிரிப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்னும் பழைய சொல் எழால். குறுந்தொகை 151-ஆம் பாட்டில் 'எழால் உற' என்று வருகிறது, எழால் மேலே வந்து விழ, துணையைக் காணாமல் வங்காப் பறவையின் பேடை கூவுகிறது. வேட்டைப் பறவை பாய்வதைச் சொல்ல அங்கேயும் அந்த 'உறு' தான் வந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு சிக்கல் உண்டு. வல்லூறு என்ற பெயரைக் கூரான நீண்ட இறக்கை கொண்ட ராஜாளி இனத்துக்கும் சேர்த்தே வழங்குகிறோம், செந்தலை வல்லூறு அப்படி வந்ததுதான். சிலர் பிணந்தின்னிக் கழுகையும் வல்லூறு என்று எழுதுகிறார்கள், அது தவறு, அதற்குப் பாறு என்ற சொல் இருக்கிறது. ஷிக்ராவை வைரி என்பவர்களும் உண்டு, ஆனால் பைரி என்பது ராஜாளிக்கும் வழங்குவதால் காதில் குழம்பும். எனவே கட்டுரைகளில் முதல் முறை 'ஷிக்ரா எனப்படும் வல்லூறு' என்று எழுதிவிட்டு, பிறகு வல்லூறு என்றே தொடரலாம்.

அடையாளம் பார்க்கிறவர்களுக்கு: இறக்கை குட்டை, நுனி வட்டம், வால் நீளம், தொண்டை நடுவில் மங்கலாக ஒரு கோடு. வளர்ந்த ஆணின் கண் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள். நிறத்திலும் பறப்பிலும் அக்காக்குயில் அச்சு அசலாக இதைப் போலவே இருக்கும், தவிட்டுக்குருவிகள்கூட ஏமாந்து பதறும். அலகைப் பாருங்கள், வல்லூறுக்கு நுனி கீழே வளைந்திருக்கும், குயிலுக்கு அப்படி இருக்காது.